ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம்



சில மாதங்களாக எனக்கு வரும் கடிதங்களில் மிக்ஸி, கிரைண்டர் சந்தேகங்களுக்கு நடுவே ஒரே மாதிரிக் கேள்வி ஒன்று தலைகாட்டுகிறது. "வீட்டில் பழைய லாப்டாப் இருக்கிறது. நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் இதற்கு இனிப் பாதுகாப்பு கிடையாது என்று திரையில் எழுத்து வருகிறது. லினக்ஸ் போட்டால் போதும் என்கிறான் பையன். போட்டால் பழையது எல்லாம் போய்விடும் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?"

இருவர் சொல்வதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. லினக்ஸ் போடலாம். பழையதும் போக வேண்டியதில்லை. ஒரே லாப்டாப்பில் வின்டோஸ், லினக்ஸ் இரண்டையும் குடிவைத்து, ஸ்விட்சைப் போட்டதும் "இன்றைக்கு யார் வேலைக்கு வரணும்?" என்று அதையே கேட்க வைக்க முடியும். இதற்கு டூயல் பூட் என்று பெயர். பெயர்தான் மிரட்டும். காரியம் ஒரு மத்தியானப் பொழுது வேலை. ஆனால் அந்தப் பொழுதில் ஒரே ஒரு இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்த இடத்தைச் சொல்லத்தான் இந்தப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் திரையில் வரும் அந்த எழுத்து. வின்டோஸ் 10-க்கு அதைச் செய்த மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்கிறவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் தர ஒரு ஏற்பாடு செய்தது. அதற்காக மறுநாளே லாப்டாப் நின்றுவிடவில்லை. வாசல் பூட்டில் புதிதாக ஒரு பழுது கண்டுபிடித்தால் இனி வந்து சரிசெய்ய ஆள் வராது, அவ்வளவுதான். வீட்டுக்குள்ளேயே புழங்குகிறவரைக்கும் பயமில்லை. இன்டர்நெட் என்ற தெருவுக்குக் கதவைத் திறந்து வைக்கும்போதுதான் வினை. சரி, வின்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் அது எல்லா வீட்டுக்கும் வராது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல் வேண்டும். 2016-இல் வாங்கிய லாப்டாப் வாசலிலேயே நின்றுவிடும்.

எங்கள் தேங்காய்ப்பட்டணத்தில் ஆற்றைத் தாண்டினால் இரையுமன்துறை. அங்கிருந்து வாரத்தில் மூன்று நாள் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவளிடம் அப்படி ஒரு 2016 லாப்டாப் இருக்கிறது. அவள் புருஷன் வாங்கியது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கடலில் இருந்தவர் திரும்பவில்லை. அன்று மூன்றாம் வகுப்பில் இருந்த மகள் இப்போது காலேஜில் முதல் வருஷம். பாடத்துக்கு லாப்டாப் வேண்டும். புதிது வாங்கக் கையில் காசில்லை. பழையதை மார்த்தாண்டம் பக்கம் ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள்.

"முழுசும் அழிச்சிட்டுத்தான் புதுசு போட முடியுமாம் அக்கா. எனக்க பிள்ளைக்க அப்பன் அதுக்குள்ளதான் இருக்காரு. அழிக்க விடுவனா நான்?" என்றாள், கூடையை இறக்கி வைக்காமலே.

கல்யாண வீடியோ, பிள்ளையின் ஞானஸ்நானப் படங்கள், கரையில் வலை பின்னிக்கொண்டே அவர் பேசிய நாலைந்து துண்டு வீடியோக்கள் எல்லாம் அதில்தான். அது மட்டுமல்ல. கல்யாண ஆல்பத்தை ஸ்டுடியோக்காரர் பக்கம் பக்கமாகப் புரட்டுகிற மாதிரி ஒரு புரோகிராமாகப் போட்டுக் கொடுத்திருந்தார். பின்னணியில் பாட்டும் வரும். அது வின்டோஸில் மட்டும் திறக்கும். ஆகவே வின்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மட்டும் போடுவது அவளுக்குச் சரிவராது. வின்டோஸோடு மட்டும் மகளை இன்டர்நெட்டில் விடவும் மனசில்லை. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் இரண்டு குடித்தனம்.

இது ஏதோ புதுமை என்று நினைக்க வேண்டாம். 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியதே, எல்காட் நிறுவனத்தின் மூலம் வாங்கி மாணவ மாணவிகளுக்குக் கொடுத்த அந்த முதல் லாப்டாப்களிலேயே இரண்டும் இருந்தன. ஒன்று வின்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றொன்று பாஸ் லினக்ஸ். மத்திய அரசின் சீ-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கென்று தயாரித்தது. ஸ்விட்சைப் போட்டதும் இரண்டு பெயரும் திரையில் வரும். பல வீடுகளில் பிள்ளைகள் வின்டோஸை மட்டும் தொட்டார்கள். இரண்டாவது பெயர் எதற்கு என்று சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் போயிற்று. அந்த ஸ்டார்ட்டரில் திரைக்குப் பின்னால் இருக்கும் படத்தை மாற்றக்கூட வழி கிடையாது. லினக்ஸிலோ இஷ்டம்போல் மாற்றலாம். இதையாவது சொல்லியிருந்தால் பாதிப் பிள்ளைகள் எட்டிப் பார்த்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

களியக்காவிளையைத் தாண்டினால் கதை வேறு. கேரளத்து அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் வருஷக்கணக்காக லினக்ஸில்தான் நடக்கிறது. கைட் என்ற அரசு நிறுவனம் அதைப் பள்ளிகளுக்கென்று பதமாக்கித் தருகிறது. பாறசாலையில் இருக்கும் என் மைனி வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பழகிய அடுக்களை.

லாப்டாப்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். ஸ்விட்சைப் போட்டதும் முதலில் விழிப்பது வின்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. பலகையிலேயே பதிந்திருக்கும் ஒரு சின்ன புரோகிராம். அது கை, கால், கண் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "வீட்டை நடத்த யாரை எழுப்பணும்?" என்று ஒரு குறிப்பைத் தேடும். வின்டோஸ் மட்டும் இருந்தால் குறிப்பில் ஒரே பெயர். லினக்ஸைச் சேர்த்தால் அது க்ரப் என்று ஒரு வாசல்காரனைக் கூடவே கொண்டு வரும். அவன் இரண்டு பெயரையும் காட்டிச் சில விநாடி காத்திருப்பான். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் முதல் பெயரை எழுப்பிவிடுவான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்வார். மற்றவர் தம் அறையில் உறங்குவார். ஆகவே பழைய லாப்டாப்புக்கு இதனால் பாரம் கூடாது. இடம்தான் கொஞ்சம் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

அந்த இடம் பிரிப்பதுதான் பலருக்கு வெப்ராளம். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் நெல் போடும் பத்தாயம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். நடுவில் பலகை இறக்கினால் ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் தேங்காய். ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். நெல் பரந்து கிடக்கும்போது பலகையை இறக்க முடியாது. முதலில் ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டும். ஒதுக்கும்போது கொஞ்சம் சிந்தினாலும் சிந்தும் என்று நினைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை நகல். இரண்டாவது வேலையும் நகல்தான்! படம், வீடியோ, பத்திரம், மார்க் லிஸ்ட் என்று எது போனால் திரும்ப வராதோ அதையெல்லாம் வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். எடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. அந்த டிஸ்க்கை வேறொரு லாப்டாப்பில் மாட்டி, அங்கே ஒரு படம், இங்கே ஒரு வீடியோ என்று திறந்து, கடைசி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். ஊறுகாய் போட்டு மூடியவர்கள் திறந்து பார்த்துத்தானே பரணில் ஏற்றுகிறோம்? இரையுமன்துறைக்காரியின் படங்கள் மட்டும் 60 ஜிபி இருந்தன. நகல் எடுக்கவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதன் பிறகும் அந்த வலை பின்னுகிற வீடியோக்களை மட்டும் தனியாக ஒரு பென் டிரைவிலும் போட்டு அவள் கையில் கொடுத்தேன். கடற்கரையில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: உப்புக்காற்றில் பென் டிரைவின் முனை சீக்கிரம் களிம்பேறும். மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தோடு சேர்த்து, இறுக்கி மூடும் டப்பாவில் வையுங்கள்.

நகல் ஆனபின் வின்டோஸுக்குள்ளேயே மூன்று காரியம் பாக்கி.

புது மாதிரி லாப்டாப் சிலவற்றில் ஹார்ட் டிஸ்க் பூட்டியிருக்கும்; பிட்லாக்கர் என்பார்கள். அது இருந்தால் அதன் 48 இலக்கச் சாவி எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். லினக்ஸ் போட்டதும் வின்டோஸ் சந்தேகப்பட்டு "சாவி எங்கே?" என்று கேட்கக் கூடும். சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பது உள்ளேயேதான்.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். வின்டோஸை நிறுத்தினாலும் அது முழுதாக உறங்காமல் பாதித் தூக்கத்தில் இருக்கும், காலையில் சீக்கிரம் எழுவதற்காக. அந்த நிலையில் லினக்ஸ் போய் அதன் அறையில் எதையும் எழுத மறுக்கும், அது நல்லதுக்குத்தான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, பத்தாயத்தில் நெல்லை ஒதுக்குவது. டிஸ்க் மேனேஜ்மென்ட் என்பதைத் திறந்து, சி டிரைவின் மேல் வலது பக்க பட்டனை அழுத்தினால் ஷ்ரிங்க் வால்யூம் என்று வரும். லினக்ஸுக்கு எவ்வளவு? லினக்ஸில் பல வகை உண்டு. புதியவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. அதற்குக் குறைந்தது 20 ஜிபி இடமும் 2 ஜிபி ராமும் வேண்டும். தாராளமாக 100 ஜிபி இடமும் 4 ஜிபி ராமும் இருந்தால் சௌகரியம். 100 ஜிபி ஒதுக்க, கேட்கும் கட்டத்தில் 102400 என்று போட வேண்டும். அது எம்பி கணக்கு. கேட்ட அளவு தராமல் கொஞ்சம்தான் தருவேன் என்று வின்டோஸ் சில சமயம் அடம்பிடிக்கும். தருகிற இடம் 30, 40 ஜிபி என்றாலும் படிப்புக்குப் போதும். வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். 500 ஜிபி என்று விலை கொடுத்து வாங்கிய டிஸ்க்கில் 465 என்றுதான் காட்டும். கடைக்காரர் மேல் சண்டைக்குப் போக வேண்டாம். டிஸ்க் செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், வின்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. அளந்தது ஒரே நெல்தான், படிதான் வேறு.

இனி லினக்ஸைக் கொண்டு வரவேண்டும். 1991-இல் பின்லாந்தில் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்து, உலகம் பூராவும் பலர் சேர்ந்து வளர்த்த சொத்து அது. காசு கிடையாது. மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்தே சுமார் 3 ஜிபி கோப்பை இறக்கி, ருஃபஸ் என்ற புரோகிராமால் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்ற வேண்டும். பென் டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும்; படம் வைத்திருக்கும் பென் டிரைவை மறந்தும் எடுக்காதீர்கள்.

பென் டிரைவை மாட்டி, லாப்டாப்பை நிறுத்தித் திறக்கும்போதே குறிப்பிட்ட ஒரு விசையைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். டெல், லெனோவோ என்றால் எஃப்12. ஹெச்பி என்றால் எஃப்9. ஏசஸ் என்றால் எஸ்கேப். அப்போது பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் எழும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே அதை உபயோகித்துப் பார்க்கலாம் என்பது. குழம்பை இறக்குமுன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதில்லையா? வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, பிரின்டர் எழுதுகிறதா என்று இங்கேயே பாருங்கள். வைஃபை எடுக்காத பழைய மாதிரிகள் சில உண்டு. அதை இப்போதே தெரிந்துகொண்டால், போட்டபின் தலையில் கைவைக்க வேண்டாம். சரிவரவில்லையா, பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுத் திறந்தால் பழைய வின்டோஸ் எப்போதும்போல வரும். ஒன்றும் நடந்ததாகவே அது காட்டிக்கொள்ளாது.

இரையுமன்துறைப் பெண்ணின் மகள் இந்த இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவோ பின்னால் நின்றுகொண்டு, "மக்களே, அப்பனுக்க படம் இருக்கா பாரு, முதல்ல அதைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். லினக்ஸிலிருந்தே வின்டோஸின் அறையைத் திறந்து காட்டினாள் மகள். இருந்தது. அதன் பிறகுதான் தாய்க்காரி உட்கார்ந்து கட்டன் சாயா குடித்தாள்.

இப்போது நான் முதலில் சொன்ன அந்த ஒரே இடம். மேஜையில் இருக்கும் இன்ஸ்டால் படத்தைத் தட்டினால் மொழி, கீபோர்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வரும். மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. பிறகு ஒரு பக்கம் வரும். அதில் ஒரு வரி, வின்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட்டைப் போடு என்று சொல்லும். ஆங்கிலத்தில் அலாங்சைட் என்ற சொல் இருக்கும். மற்றொரு வரி, டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடு என்று சொல்லும். அதில் இரேஸ் டிஸ்க் என்று இருக்கும். இரண்டும் மேலும் கீழுமாக, ஒரே எழுத்தளவில், ஒரு வட்டப் பொட்டு வித்தியாசத்தில் நிற்கும். நமக்கு வேண்டியது அலாங்சைட்.

அந்தப் பக்கத்தில் கையை மௌஸிலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அலாங்சைட் என்ற வரியே வரவில்லையென்றால், அந்த லாப்டாப்பில் வின்டோஸ் இருப்பது அதன் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். அப்போது மேற்கொண்டு போகாதீர்கள். க்விட் கொடுத்து வெளியே வந்துவிடுங்கள். பெரும்பாலும் பென் டிரைவை எழுப்பிய முறையும் வின்டோஸ் எழும் முறையும் வேறாக இருக்கும். ஒன்று யூஇஎஃப்ஐ, மற்றது பழைய பயாஸ். தெரிந்தவர்களைக் கொண்டு அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி வரலாம். வேறு வழிகள் என்ற மூன்றாவது வரி ஒன்றும் இருக்கும். அது கைதேர்ந்தவர்களுக்கு. அடுத்து, இன்னின்ன மாற்றத்தை டிஸ்க்கில் எழுதட்டுமா என்று ஒரு கடைசி அனுமதி கேட்கும். அதற்குச் சரி சொல்லும்வரை ஒன்றும் நடந்திராது. சொன்னபின் திரும்ப முடியாது. சார்ஜர் மாட்டியிருக்கிறதா, பாட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பாதியில் கரன்ட் போனாலும் பாட்டரி தாங்க வேண்டும். பாட்டரி செத்துப்போன லாப்டாப் என்றால் யுபிஎஸ் இருக்கும் வீட்டில் வைத்துச் செய்வது தேவலை.

பிறகு அரை மணி நேரம் அதன் வேலை. நாம் மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறி கூட்டி வைக்கலாம்.

எழுந்த லினக்ஸில் பாடத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ், கடிதமும் கணக்கும் போட லிப்ரே ஆபீஸ், வீடியோ பார்க்க ஒன்று. வேர்டு கோப்புகளைத் திறக்கும், எழுத்து வரிசை மட்டும் சில சமயம் அங்கே இங்கே நகரும். தமிழ் அடிக்கத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. கூடவே மலையாளத்தையும் சேர்த்து, ஒரு தட்டில் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் பக்கத்துக்கு இது பெரிய சௌகரியம். 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பலருக்குப் படித்த எழுத்து மலையாளம், பேசிய பாஷை தமிழ். 1997-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற எங்கள் ஊர் தோப்பில் முஹம்மது மீரான் அவர்களும் மலையாளத்தில் படித்துத் தமிழில் நாவல் எழுதியவர்தானே!

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டேலியில் கடைக்கணக்கு எழுதி, அதைத் தவிர வேறெதற்கும் லாப்டாப்பைத் தொடாத வீட்டில் லினக்ஸ் வந்து என்ன செய்யப் போகிறது? வின்டோஸ் 11 ஏற்கும் லாப்டாப் இருந்தால் அதற்கே மாறுவது சுலபம். வின்டோஸில் மட்டும் ஓடுவது எதுவும் வீட்டில் இல்லையென்றாலும் இரண்டு குடித்தனம் வீண். நகல் எடுத்துவிட்டு லினக்ஸ் ஒன்றையே போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். டிஸ்க்கில் 40 ஜிபி கூடக் காலி இல்லாதவர்கள் முதலில் தட்டு முட்டுச் சாமான்களைக் கழித்துக்கட்டட்டும்.

இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இதுதான்: வெளியே போகிற வேலையெல்லாம் லினக்ஸில், வின்டோஸ் வீட்டோடு. வின்டோஸைத் திறக்கும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள். ஆல்பம் பார்ப்பதற்கு இன்டர்நெட் எதற்கு? லினக்ஸிலிருந்து வின்டோஸின் படங்களைப் பார்க்கலாம். வின்டோஸிலிருந்து பார்த்தால் லினக்ஸின் அறை தெரியாது. அந்தக் காலிப் பக்கம் என்னவோ என்று வின்டோஸ் "ஃபார்மட் பண்ணட்டுமா?" என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். அந்த அறையில்தான் மகளின் பாடங்கள் இருக்கின்றன.

போட்ட மறுநாள் ஒரு வேடிக்கை நடக்கும். லினக்ஸிலிருந்து வின்டோஸுக்குத் திரும்பினால் காலை 10 மணிக்குக் கடிகாரம் 4½ காட்டும். லாப்டாப் கெட்டுவிட்டது என்று சிலர் கடைக்கு ஓடியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்துக்குத் திருப்பி வைக்கும். வின்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நம் நேரம் பொது நேரத்தைவிட 5½ மணி முன்னால் அல்லவா, அந்த 5½ தான் இது. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போதும். கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை யாராவது ஒரு நிமிஷத்தில் செய்துவிடும்.

இன்னொன்று வேடிக்கை இல்லை. வின்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது சில சமயம் வாசல்காரன் க்ரப்பை ஓரமாகத் தள்ளிவிடும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு புதுப்பித்தலுக்குப் பின் உலகமெங்கும் பல டூயல் பூட் லாப்டாப்களில் லினக்ஸ் எழவே மறுத்தது. உள்ளே இருந்த கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வாசலில்தான் தகராறு. திருத்தும் வழியும் பிறகு வந்தது. அப்படி நேர்ந்தால் எவர் வந்து ஃபார்மட் என்று சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். லினக்ஸ் போட்ட அதே பென் டிரைவிலிருந்து லாப்டாப்பை எழுப்பினால் எல்லா அறையும் தெரியும். அங்கிருந்தே க்ரப்பைத் திரும்ப நிறுத்தலாம். அதனால் அந்தப் பென் டிரைவை அழித்துப் பாட்டு ஏற்றிவிடாமல், மேலே ஒரு சீட்டு ஒட்டி எடுத்து வையுங்கள்.

லினக்ஸ் வேண்டாம் என்று ஒரு நாள் தோன்றினால், வின்டோஸில் போய் அந்த அறையை நேராக இடித்துவிடக் கூடாது. வாசல்காரனுக்கு வேண்டிய குறிப்பு அந்த அறையில்தான் இருக்கிறது. அது போனால் அவன் கறுப்புத் திரையில் விழித்துக்கொண்டு நிற்பான், வின்டோஸையும் எழுப்பமாட்டான். முதலில் லாப்டாப்பின் தொடக்க அமைப்பில் போய் வின்டோஸின் பெயரை முதலில் வையுங்கள். நிறுத்தித் திறந்து, வின்டோஸ் நேராக எழுகிறதா என்று இரண்டு தரம் பாருங்கள். லினக்ஸில் செய்த பாடங்களுக்கும் நகல் எடுங்கள். பிறகு அறையை எடுத்துவிட்டு, இடத்தை சி டிரைவோடு சேர்த்துக்கொள்ளலாம்.